ஒரு தடவைதான் கேட்பார்

எங்கள் அத்தை எதையும் ஒரு தடவைதான் கேட்பார். அத்தை என்றால் சொந்த அத்தை கிடையாது. என் அப்பாவை "அண்ணே" என்று கூப்பிட்டார், அதனால் எனக்கு அத்தை. எங்களுடைய ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, பன்னிரண்டு வருடம் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அங்கே எழுதாமல் விட்ட கை இதுதான். இப்போது இங்கே எழுதி என்ன ஆகப் போகிறது?

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். திருப்பனந்தாளிலிருந்து எங்கள் ஊர் வழியாகப் போகும் டவுன் பஸ் அவருடையது. அத்தையைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் அப்பா ஒரு கதை சொல்வார். ஒரு நாள் அத்தை புல்லுக்கட்டோடு ஏறி, "மதகுகிட்ட எறங்கணும்ணே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். சீட்டுப் போடும் மும்முரத்தில் அப்பா மறந்துவிட்டார். மதகு போனது. அத்தை ஜன்னல் வழியாக அது போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அடுத்த ஊரில் இறங்கி, புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே நடந்தாராம். "வாயத் தொறந்து இன்னொருதரம் சொன்னா என்னவாம்? முத்தா உதிர்ந்துரும்?" என்று அப்பா சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். மறந்தவர் அப்பா, நடந்தவர் அத்தை, கேலி மட்டும் அத்தைக்கு. இது எனக்கு உறைக்கவே ரொம்ப வருடம் ஆனது.

ரேஷன் கடையில் ஜீனி குறைந்தால் எங்கள் தெருப் பெண்கள் போடும் சத்தம் மெயின் ரோடு வரை கேட்கும். அத்தை, "ஜீனி கொறையுது தம்பி" என்பார். கடைக்காரர், "பாக்குறேன்" என்பார். அத்தை பையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஏன் அத்தை சும்மா வந்தீர்கள் என்று நான் கேட்டால் ஒரே பதில்தான். என்னை அவர் "ஆயி" என்றுதான் கூப்பிடுவார்.

"அந்தத் தம்பி காதுல விழுந்துச்சுல்ல ஆயி. அப்பறம் எதுக்கு மறுபடி?"

அம்மாவுக்கு இதைக் கேட்டாலே எரிச்சல். "இந்தப் பொம்பள இப்புடி இருந்தா ஊரே ஏச்சுப்புடும்" என்பாள். ஊர் ஏய்த்ததா, நாங்கள் ஏய்த்தோமா என்று அம்மாவிடம் இன்று கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அத்தையை வாயில்லாப் பூச்சி என்று நினைத்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். ஒரு குறுவையின்போது எங்கள் வயலுக்கு மேல்மடைக்காரர் தண்ணீரை அடைத்து வைத்துக்கொண்டார். அத்தை போய், "பயிரு வாடுதுண்ணே, மடையத் தொறந்து விடுங்க" என்றார். அவரும் "பாக்குறேம்மா" என்றார். அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததிலிருந்து அத்தை மண்வெட்டியும் கையுமாகக் கிழக்கு வாய்க்காலிலிருந்து வரப்போரமாக ஒரு சின்னக் கிளை வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். தனி ஆளாக மூன்று நாள். நான்காம் நாள் தண்ணீர் வந்தது. பத்து நாள் கழித்து மேல்மடைக்காரருக்கே ஒரு மாதிரியாகி, தானாக வந்து, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார். "இருக்குண்ணே" என்றார் அத்தை. அந்த மடை பக்கம் அத்தை அப்புறம் போகவே இல்லை. சண்டையும் இல்லை, சாபமும் இல்லை. அந்த மனிதர் மட்டும் அந்த வரப்பில் நடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

எங்கள் பக்கத்தில் குத்தகைக்குப் பேப்பர் எழுத மாட்டார்கள். சித்திரை முதல் நாள், குத்தகைக்காரர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து நிலத்துக்காரர் வீட்டுக்குக் கொண்டுவருவார். நிலத்துக்காரர் தாம்பாளத்தைக் கையில் வாங்கினால் அந்த வருடக் குத்தகை உறுதி. வாங்காவிட்டால் இல்லை. எங்கள் வீட்டுக்கு அத்தை பன்னிரண்டு தாம்பாளம் கொண்டுவந்திருக்கிறார். பழத்தை நாங்கள் தின்றோம். அரசாங்கத்தின் எந்தக் காகிதத்திலும் அதற்குத் தடயம் கிடையாது.

நான் படித்து முடித்து மெயின் ரோட்டில் ஒரு இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் மிஷின், எதிரே ஒரு பெஞ்சு. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த சில மாதங்களில் எனக்கும் அந்த வார்த்தை வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. "சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க, பாக்குறேன்." ஒரு சான்றிதழுக்கு நாலு தடவை வருபவர்களுக்குத்தான் நான் முதலில் போட்டுக் கொடுப்பேன். அடிக்கடி வந்து நிற்பவர்கள்தான் கண்ணில் படுவார்கள், அது இயல்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கொரோனா வந்த அந்தக் கோடையில் அத்தை சம்பா அறுத்த வயலில் இரண்டு மாவுக்கு வெள்ளரி போட்டிருந்தார். நல்ல பிஞ்சு. கூடையில் எடுத்துப்போய் பஸ் ஸ்டாண்டில் கீறி, மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவி விற்பார். அந்த வரவை நம்பித்தான் குறுவைக்கு விதையும் உழவுக் கூலியும். பஸ் நின்றது. பஸ் ஸ்டாண்டைக் கயிறு கட்டி அடைத்தார்கள். வெள்ளரிக்கு ஊரடங்கு தெரியுமா? அது பாட்டுக்குக் காய்த்தது. பிஞ்சு முற்றி, மஞ்சளாகி, வெடித்து, வயலே புளித்த வாடை அடித்தது. தெருவில் எல்லோருக்கும் சும்மா கொடுத்தார். பிறகு ஆடுகளுக்குப் போட்டார். கொஞ்ச நாளில் ஆடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. காதில் கிடந்த தோடு கும்பகோணத்துக்கு அடகுக்குப் போனது.

அப்போதுதான் ஊரடங்கில் நஷ்டப்பட்ட விவசாயிகளுக்கு நிவாரணம் என்ற அறிவிப்பு வந்தது. நல்ல திட்டம். காகிதத்தில் எந்தத் திட்டம்தான் கெட்டது? விண்ணப்பத்தோடு சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக், வயலில் விவசாயி நிற்கும் போட்டோ, இத்தனையும் வேண்டும். அடங்கல் என்பது எந்த நிலத்தில், எந்தப் பசலியில், அதாவது எந்த வருவாய்க் கணக்கு வருடத்தில், யார், என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. வயலுக்கு வந்து பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் மேசையிலேயே பட்டாவைப் பார்த்து எழுதினார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் விவசாயி. சேற்றில் நிற்பவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

என் மேசைக்கு யார் யாரெல்லாம் வந்தார்கள் தெரியுமா? செல்போன் கடை வைத்திருப்பவர் வந்தார். அவர் வயல் பக்கம் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. சென்னையில் இரண்டு வீட்டு வாடகை வாங்குகிறவர் வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் அனுப்பினார். போட்டோவுக்கு மட்டும் தன் குத்தகைக்காரரை வயலில் நிற்க வைத்து, முகம் தெரியாமல் தலையில் துண்டு போட்டு எடுத்திருந்தார். நான் அத்தனையையும் ஏற்றினேன். ஒவ்வொன்றையும் ஏற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் காலை அப்பா, "கடைக்குப் போறதுக்கு முன்னாடி வயலுக்கு வா, ஒரு போட்டோ எடுக்கணும்" என்றார். பென்ஷன் வாங்குகிற மனிதர், பீரோவிலிருந்து பழைய கைலியைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டார். கக்கத்தில் துண்டு. வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் சுடுகிறது என்று மறுபடி போட்டுக்கொண்டார். அத்தை முற்றின கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அந்த மம்பட்டியக் கொஞ்சம் குடு" என்றார் அப்பா.

அத்தை மண்வெட்டியின் காம்பைத் துடைத்துவிட்டுக் கொடுத்தார். அப்பா அதை வாங்கி, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி மேல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் செல்போனைத் தூக்கினேன். அத்தை சட்டென்று, "அண்ணே, ஒரு கைய கீழ எறக்கிப் புடிங்க. இப்புடிப் புடிச்சா வெட்ட வராது" என்றார். அப்பா பிடித்தார். சரியாக வரவில்லை. அத்தையே போய் அப்பாவின் இடது கையை எடுத்துக் காம்பின் நடுவில் வைத்துவிட்டு, படத்தில் விழாமல் நாலு அடி தள்ளிப் போய் நின்றார். நான் எடுத்தேன். நல்ல வெளிச்சம். அப்பா அசல் விவசாயி மாதிரியே இருந்தார்.

மண்வெட்டியைத் திருப்பி வாங்கும்போது அத்தை கேட்டார்.

"இது அந்தக் கொரோனா பணத்துக்கா அண்ணே?"

அப்பா, "ஆமாம்மா, என்னமோ கேக்குறான் கவர்மெண்ட்ல" என்றார்.

"வெள்ளரி நான் போட்டதுண்ணே. இந்தப் பசலிக்கு மட்டும் அடங்கல எம் பேர்ல எழுதச் சொல்லுங்க. அந்தப் பணம் வந்தா குறுவைக்கு வெத வாங்கிருவேன்."

இவ்வளவுதான் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"பாப்போம்மா" என்றார் அப்பா.

அத்தை என்னைப் பார்த்தார். "நீதான ஆயி ஏத்தப்போற" என்றார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டின்போது நான் ஆரம்பித்தேன். "அத்தை பேர்ல ஒரு பசலிக்கு எழுதினா என்னப்பா? நமக்கு என்ன கொறஞ்சுரும்?"

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஒரு பசலியில பேரு ஏறுனாப் போதும். அதக் காட்டிக் குத்தகைதாரர் பதிவுக்குப் போயிரலாம். அப்பறம் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நெலத்த விட்டு எழுப்ப முடியாது. ஒனக்கு வெவரம் தெரியாது."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அப்பா மறுபடி சோற்றைப் பிசையத் தொடங்கினார். பதில் தேவையும் இல்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆறு மா, எங்கள் தாத்தா ஒரு பெரிய பண்ணையில் குத்தகைக்கு உழுத நிலம். எவனோ ஒரு நல்ல அதிகாரி நிஜமாகவே வயலுக்கு வந்து பார்த்து, அடங்கலில் தாத்தாவின் பேரை எழுதினான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தாத்தா பண்ணையாரிடம் வழக்காடி, கடைசியில் நிலத்தை வாங்கினார். அந்தக் காகிதம் இன்னும் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மக்கிப்போகிறதே என்று அதற்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்தவளே நான்தான். ஊரில் எங்கள் தெருவுக்குச் சொந்தமாக நிலம் வந்ததே அப்படித்தான் என்று அப்பா மேடையில் பேசாத குறையாகப் பேசுவார். ஏறிவந்த ஏணியை இன்னொருத்தர் கண்ணில் படாமல் மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்ட குடும்பம் எங்கள் குடும்பம். இதை எழுதுவதே வெட்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

"தீபாவளிக்கு ஒரு நல்ல பொடவையா எடுத்துக் குடுத்துருவோம்" என்றாள் அம்மா. அத்துடன் பேச்சு முடிந்தது.

நான் இன்னும் இரண்டு நாள் சண்டை போட்டிருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் நானே போயிருக்கலாம், வாரத்தில் நாலு நாள் அவர் என் எதிரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். அத்தை ஒரு நடை வந்து கேட்டிருந்தால் போயிருப்பேன் என்றுதான் அப்போது நினைத்தேன். தினம் என் கடையைத் தாண்டித்தான் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. "எம் பேரப் போட்டியா ஆயி?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காததையே நான் சாக்காக வைத்துக்கொண்டேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அப்பாவின் விண்ணப்பத்தை எடுத்தேன். சாகுபடி செய்பவர் பெயர் என்று ஒரு கட்டம். அப்பா பேரை அடித்தேன். ஓய்வூதியம் பெறுபவரா என்று ஒரு கேள்வி. இல்லை என்று அழுத்தினேன். மண்வெட்டியோடு நிற்கும் படத்தை ஏற்றினேன். அதில் அப்பாவின் இடது கை சரியான இடத்தில் இருந்தது.

பணம் வந்தது. மெசேஜ் என் போனுக்குத்தான் வந்தது, ஏனென்றால் அப்பாவின் கணக்குக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அப்பா அந்தப் பணத்தில் ஸ்கூட்டர் நனையாமல் இருக்க வாசலில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். வெள்ளரி நஷ்டத்துக்கு அரசாங்கம் கொடுத்த நிவாரணத்தில் எங்கள் ஸ்கூட்டர் நிழலில் நிற்கிறது. இந்த நாட்டில் நிவாரணம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றால் எங்கள் வாசலுக்கு வரலாம்.

அந்த வருடம் அத்தை குறுவை போடவில்லை. சம்பா மட்டும் போட்டார். யாரிடம் கடன் வாங்கி விதை வாங்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை. தீபாவளிப் புடவையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாருக்கு ஆயி" என்று வாங்கிக்கொண்டார். காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்தது. தை மாதம் அறுவடை முடிந்ததும் குத்தகை நெல் எங்கள் வாசலுக்கு வந்தது. ஒரு மரக்கால் குறையவில்லை. தகரக் கொட்டகைக்குள் மூட்டைகளை அடுக்கச் சொன்னார் அப்பா. அத்தை அண்ணாந்து ஒரு தடவை கொட்டகையைப் பார்த்தார். "காத்துக்குத் தாங்குமாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சித்திரை முதல் நாள் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. தாம்பாளம் வரவில்லை. "மறந்துருக்கும்" என்றார். மறுநாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள்தான் அவருக்குப் புரிந்தது. பிறகு வேறு இரண்டு பேரிடம் நிலத்தைக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே பேப்பர் கேட்டார். இன்னொருவர் குத்தகையைப் பாதியாகக் குறைத்துக் கேட்டார். ஆறு மாவும் அந்தக் குறுவைக்குத் தரிசாகக் கிடந்தது. கோரை முளைத்தது.

"நீ போய்க் கேளு. ஒஞ்சொல்லுக்கு வரும்" என்றார் அப்பா.

போனேன். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. அந்தப் புதுப் பசலிக்கு அத்தை பேரில் அடங்கலுக்கு ஒரு மனுவை அடித்து எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவிடம் காட்டியபோது, "மொதல்ல நெலத்துல எறங்கட்டும், அப்பறம் பாப்போம்" என்றிருந்தார். அந்தப் பாப்போமை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

அத்தை திருவிடைமருதூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். கொள்ளிடக்கரையில் யாரோ போட்ட வெள்ளரியைக் கூடைக்கு இவ்வளவு என்று வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"நெலம் சும்மா கெடக்கு அத்தை. வந்து எறங்குங்க. ஒங்க பேர்லயே அடங்கலுக்கு எழுதிட்டு வந்துருக்கேன்" என்று காகிதத்தை நீட்டினேன்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தன் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் கையெழுத்துப் போட்டுருக்கா?"

"போடுவாரு அத்தை."

காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"பாக்குறேன் ஆயி."

ஒரு பஸ் வந்து நின்றது. அவர் எழுந்து கூடையோடு ஜன்னலுக்கு ஜன்னல் போய் வந்தார். நான் அங்கேயே நின்றேன். திரும்பி வந்ததும் மறுபடி கேட்டேன். "காதுல விழுந்துச்சு ஆயி" என்றார். குரலில் ஒரு சின்னக் கடுமை கூட இல்லை. பிறகு மூன்றாம் தடவையும் கேட்டேன், அப்பாவிடம் கையெழுத்தை வாங்கிவிடுகிறேன், சத்தியமாக வாங்கிவிடுகிறேன் என்றேன். அவர் ஒரு நல்ல பிஞ்சாகத் தேடி எடுத்து, நாலாகக் கீறி, மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவி என் கையில் வைத்தார். காசு கொடுத்தேன். வாங்கி முந்தியில் முடிந்துகொண்டார்.

"காரம் போதுமா ஆயி?" என்று கேட்டார்.

நான் பிஞ்சைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அத்தை கொஞ்சம் பார்த்தார். பிறகு அடுத்து நின்றவருக்குக் கீறத் தொடங்கினார். மறுபடி கேட்கவில்லை.